இறங்காத பந்தும் இன்னாசியம்மாவின் தங்கச்சியும்

கரடிச்சோலை மலையில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சாமான்களில் இன்னும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பவை இரண்டுதான், ஒன்று மாதா கோயில் மணிக்கூண்டு, இன்னொன்று கிளப்பின் புல்தரை டென்னிஸ் பந்தயம், அதிலும் மணிக்கூண்டு மழைக்காலத்தில் பத்து நிமிஷம் பின்தங்கிவிடும், டென்னிஸ் மட்டும் எந்த வருஷமும் ஒரு நாள் பிசகியதில்லை. ஏப்ரல் கடைசி வாரம் வந்தால் எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்டக்காரப் பெண்கள் ஆளுயரப் பைகளோடு மலையேறி வருவார்கள், அதுதான் அவர்களுக்குப் பிழைப்பு, தோற்றவள் மறுநாளே இறங்கி அடுத்த ஊரைப் பார்க்கப் போவாள், ஜெயித்தவள் இன்னும் ஒரு நாள் நம்ம ஊர்க் குளிரில் நடுங்குவாள். தலை முதல் கால் வரை வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பது கிளப்பின் சட்டம், தரையோ பச்சைப் புல், விழுந்து எழுந்தால் கறை, அந்தக் கறையை எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு நீக்கி, நீலம் முக்கி, மடிப்புக் கலையாமல் தேய்த்து, மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆட்டக்காரிகளின் அறை வாசலில் வைத்தவள் இன்னாசியம்மா, ஒன்றிரண்டு வருஷமல்ல, முப்பத்தொரு வருஷம். அத்தனை வருஷத்தில் அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? சலவை அறை கிளப்புக்குப் பின்பக்கம், பந்து அடிபடும் சத்தம் மட்டும்தான் அங்கே வரும்.

இந்த வருஷம் புதிதாக வந்த செகரட்டரி கொஞ்சம் நல்ல மனுஷன், பழைய வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு பாஸ் கொடுத்தார், இன்னாசியம்மாவுக்கு நாலாவது வரிசை, பதினேழாம் நம்பர். பாஸ் கைக்கு வந்த வாரம்தான் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்! மேட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளாகக் கட்டிலில் சாய்ந்தே கிடந்தாள், படுத்தால் மூச்சு முட்டியது, டாக்டர் தங்கச்சிக்காரியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் வைத்துக்கொள்ளணும் என்று சொல்லிவிட்டார்.

தங்கச்சிக்காரி சலேத்து, கேரட் கழுவும் கொட்டகையில் வேலை, வயது ஐம்பத்திரண்டு, அவளுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட அன்றிலிருந்து அக்காதான் எல்லாம், கல்யாணமே கட்டாமல் வளர்த்த அக்கா. அந்த அக்கா, மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில், "நீ போடி. போய் ஆட்டம் பாரு" என்றாள்.

"உன்னை இந்தக் கோலத்துல விட்டுட்டு நான் ஆட்டம் பாக்கப் போகவா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"ஒரே ஒரு செட்டு. பாத்துட்டு மத்தியானக் கஞ்சிக்கு வந்துரு. போகலைன்னா இந்தக் கஞ்சியை நான் தொட மாட்டேன்." சொன்னால் செய்கிறவள். பிறகு சட்டம் சொல்ல ஆரம்பித்தாள். "பாயிண்ட் நடக்கறப்ப எந்திரிக்காத. பேசாத. இருமக்கூட இருமாத. பந்து வலையில விழுந்தா கை தட்டாத, அது இன்னொருத்தி செஞ்ச தப்பு, அடுத்தவ தப்புக்குக் கை தட்டக் கூடாது. துணி தேய்க்கிறவ தங்கச்சிக்கு என்ன தெரியும்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது, ஆமா."

"சரி, சரி."

"வந்து பாத்ததை மட்டும் சொல்லு. கதை கட்டாத."

இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு காரணம் உண்டு. சின்னப் பிள்ளையில் அக்கா வேலைக்குப் போய்விட, மாதா தேர் பார்க்கத் தனியாகப் போய்வந்த சலேத்து, தேரில் இருந்த சம்மனசுச் சிலை தன்னைப் பார்த்துச் சிறகை அசைத்தது என்று சொன்னாள், அக்கா அதை நம்பி அடுத்த வருஷம் லீவு போட்டுவிட்டுப் போய், மழையில் நின்று சம்மனசையே பார்த்துக்கொண்டிருந்து காய்ச்சலோடு திரும்பினாள், நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கோபம் தீரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வருமுன் அக்கா கடைசியாகத் தேய்த்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு சலேத்து கிளப்புக்குப் போனாள். காலர் வைத்த கோட்டுக்காரர்களும் தொப்பி வைத்த அம்மாக்களும் உட்கார்ந்திருந்த மரப்பலகை கேலரியில் பதினேழாம் நம்பரைத் தேடி, முழங்கால்களை ஒட்டிவைத்து, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தாள். பக்கத்தில் தெய்வநாயகம் டீச்சர், ரிட்டையர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ், மடியில் கம்பளி நூலும் ஊசியும். "இன்னாசியம்மா தங்கச்சிதானே நீங்க? அவங்க கை பட்ட துணின்னா தனியாத் தெரியும்" என்று டீச்சர் சொன்னதும் சலேத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆட இறங்கியவர்களில் ஒருத்தி நெட்டை, மஞ்சள் சடை, இன்னொருத்தி குட்டை, முழங்கையில் கட்டு. குட்டைக்காரியின் பாவாடைக் கொக்கியைப் போன வருஷம் அக்காதான் தைத்துக் கொடுத்தாள், அதனால் சலேத்து அவள் கட்சி. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, பதினைந்து என்கிறார்கள், முப்பது என்கிறார்கள், அதற்கப்புறம் நாற்பத்தைந்து வரும் என்று பார்த்தால் நாற்பது என்கிறார்கள், ஆனாலும் அரை மணியில் தலை தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பப் பழகிவிட்டது, பந்து வலையில் விழுந்தபோது கை தட்டப் போன பின்வரிசைக்காரனைத் திரும்பிப் பார்த்து முறைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். கேம் அஞ்சுக்கு நாலு, குட்டைக்காரி முன்னால். நாற்பதுக்கு முப்பது. இந்த ஒரு பாயிண்டை எடுத்தால் செட்டு முடிந்தது, சலேத்து எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம், மணி பதினொன்றுக்குப் பத்து நிமிஷம்.

குட்டைக்காரி சர்வ் போட்டாள், நெட்டைக்காரி அடித்துவிட்டு வலைக்கு ஓடி வந்தாள், குட்டைக்காரி பார்த்தாள், மட்டையைக் கீழிருந்து ஏந்திப் பந்தை அவள் தலைக்கு மேலே தூக்கி விட்டாள், பந்து ஏறியது, கேலரியைத் தாண்டி ஏறியது, தைல மரங்களின் உச்சியைத் தாண்டி ஏறியது, ஏறி, நின்றது. நின்றதென்றால் நின்றதுதான், இறங்கவில்லை.

நெட்டைக்காரி பின்னால் ஓடிப்போய் பந்துக்குக் கீழே மட்டையைத் தூக்கியபடி நின்றாள். குட்டைக்காரி இந்தப் பக்கம் கால் மாற்றிக்கொண்டு நின்றாள். உயர நாற்காலியில் இருந்த அம்பயர் ஒரு கண் மேலேயும் ஒரு கண் மடியிலுமாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், அதில் பந்து தரையைத் தொடாதவரை பாயிண்ட் நடக்கிறது என்று இருந்ததே தவிர எத்தனை மணி நேரத்துக்குள் தொட வேண்டும் என்று இல்லை. பாயிண்ட் நடக்கிறதென்றால் அமைதி, பாயிண்ட் நடக்கிறதென்றால் யாரும் எழக் கூடாது, இது புத்தகத்தில் இல்லாவிட்டாலும் கரடிச்சோலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆக அறுநூறு பேரும் தலையை அண்ணாந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது, அதுதான் எல்லாத் தெருவிலிருந்தும் தெரிகிறதே, பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடிப்பதை டிரைவர்கள் தாங்களாகவே நிறுத்தினார்கள், மணியடிக்கிற கோயில் குட்டியார் கயிற்றைக் கையில் பிடித்தபடி சாமியாரைப் பார்க்க, சாமியார் வேண்டாம் என்று தலையாட்ட, கோயில் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக மத்தியான மணி அடிக்காமல் போனது, பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இல்லாமல் வாயாலேயே பாங்கு சொன்னார்கள், டீ பாக்டரிச் சங்கு ஊதவில்லை, மார்க்கெட்டில் காய்கறிக்காரிகள் விரலைக் காட்டி வியாபாரம் பண்ணினார்கள், சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டிகள்கூடக் கிசுகிசுத்தே திட்டிக்கொண்டார்கள். பந்து ஏன் நிற்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது, நிற்கிறது, பாயிண்ட் முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு மைனா அதன் மேல் உட்காரப் பார்த்து வழுக்கிப் பறந்தது.

கேலரிக்குள்ளும் ஒரு குடும்ப வாழ்க்கை உண்டாகிவிட்டது. கிளப் சமையல்காரர்கள் முன்வரிசையில் கொடுத்த டீ கைமாறிக் கைமாறிச் சத்தமில்லாமல் கடைசி வரிசைக்குப் போனது, காலிக் கோப்பை ஒன்றுகூடக் கிணுகிணுக்காமல் திரும்பி வந்தது, யாரோ கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சாதம் ஆளுக்கு ஒரு வாயாக வந்தது, ஆட்டக்காரிகளுக்கு மட்டும் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள், அவர்கள் பார்வையைக் கீழே இறக்காமல் குடித்தார்கள். சலேத்து அந்த ஒரு வாய் சோற்றை வாங்காமல் அடுத்தவருக்கே தள்ளிவிட்டாள், அக்காவின் கஞ்சி நேரம் தாண்டிவிட்டதே.

"டீச்சரம்மா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "எங்கக்கா ஆஸ்பத்திரியில கெடக்கு. நான் போகணும்."

டீச்சர் ஊசியை நிறுத்தாமல், சலேத்தின் முழங்காலில் ஒரு கையை வைத்தாள். "பாயிண்ட் முடியட்டும்மா. இங்க எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு. அந்தா, ரெண்டாவது வரிசையில குடை வச்சிருக்காரே, அவரு மகளுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம், பதினொன்றரைக்கு முகூர்த்தம். அவருக்கு மேல இருக்கிற அம்மா அடுப்புல பால் வச்சிட்டு வந்திருக்காங்க. யாராச்சும் எந்திரிச்சாங்களா?"

யாரும் எழவில்லைதான். அதுதானே நம்ம ஊர் லட்சணம், முதல் ஆள் எழுந்தால் இரண்டாவதாக எழ அறுநூறு பேர் தயார், முதல் ஆள்தான் பிறக்கவே மாட்டான்.

இரண்டு மணிக்கு ஒரு சேதி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஜெபசீலி பன்னிரண்டரைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டிருந்தாள், வாசல் வாட்ச்மேன் கடைசி வரிசைக்காரன் காதில் போட, அம்பயர் அண்ணாந்து பார்க்கும் நேரமாகப் பார்த்து ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு நகர்ந்து நகர்ந்து, ஒரு சொல் குறையாமல், ஆனால் ஒன்றரை மணி நேரம் கழித்து, பின்னால் இருந்தவன் சலேத்தின் காதில் சொன்னான். "நாலாவது வரிசை, நீலச் சேலை. அக்கா வரச் சொல்லுது."

சலேத்து எழுந்தாள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எழவில்லை. உடம்பு பாதி எழும்பியது, பலகை லேசாக முனகியது, முன்வரிசையில் தொப்பி போட்ட அம்மா ஒருத்தி புருவத்தைத் தூக்கிக்கொண்டு பாதி திரும்பினாள், துணி தேய்க்கிறவ தங்கச்சிக்கு என்ன தெரியும் என்கிற அந்தச் சொல் அவள் உதட்டில் வந்து நிற்பதுபோலவே சலேத்துக்குத் தோன்றியது. முப்பத்தொரு வருஷம் ஒரு சொல் வாங்காத அக்கா. சலேத்து மறுபடி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பின்னால் திரும்பாமலே, "பந்து விழுந்ததும் வந்துர்றேன்னு சொல்லுங்க" என்றாள், அந்தப் பதிலும் காது காதாக ஏறிப் போனது.

மூன்று மணிக்குப் பனி இறங்கியது, நம்ம ஊர்ப் பனிதான், நினைத்தால் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும், பந்து மறைந்தது, தைல மரம் மறைந்தது, நெட்டைக்காரியே நிழல் மாதிரிதான் தெரிந்தாள். அப்போதாவது அவள் எழுந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, பாவி மனுஷி, இதை நினைத்து நினைத்துப் பிறகு எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்த இருபது நிமிஷமும் அறுநூறு பேரும் ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்து அண்ணாந்தே இருந்தார்கள், சலேத்தும் இருந்தாள். பனி விலகியபோது பந்து அதே இடத்தில் இருந்தது, எல்லாரும் சத்தமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

நாலு மணி இருக்கும். கழுத்து வலி தாளாமல் சலேத்து, பந்து நின்றதிலிருந்து முதல் தடவையாக, குனிந்து கீழே பார்த்தாள். மடி தெரிந்தது. கத்தி மாதிரி நின்ற மடிப்பு ஐந்து மணி நேர உட்காரலில் முழங்காலுக்கு மேலே முழுக்கக் கலைந்து, கசங்கி, வேறு யாருடைய சேலையோபோல் கிடந்தது. உள்ளங்கையால் நீவிப் பார்த்தாள், நிமிரவில்லை. அக்கா கடைசியாகப் போட்ட மடிப்பு. இனிமேல் இதை யார் போடப் போகிறார்கள் என்று நினைத்ததும் வயிற்றிலிருந்து ஒரு அழுகை கிளம்பியது, அது வாய்க்கு வருமுன் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா" என்று டீச்சர் முந்தானையைப் பிடித்தாள்.

"விடுங்க டீச்சரம்மா. எங்கக்கா சாகக் கெடக்கு" என்று சலேத்து வாய்விட்டே சொன்னாள், ஐந்து மணி நேரமாக ஒரு குரல் கேட்காத அந்த இடத்தில் அது கோர்ட் முழுக்கக் கேட்டது. பலகை படபடக்க வரிசையைத் தாண்டி அவள் படியில் இறங்கினாள். அறுநூறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின, அம்பயர் திரும்பினார், கோட்டோரம் நின்ற லைன்மேன்கள் திரும்பினார்கள், மேலே பார்த்தபடியே நின்ற ஆட்டக்காரிகள் இரண்டு பேரும் திரும்பினார்கள், காலையிலிருந்து முதல் தடவையாக அந்தப் பந்தை அங்கே ஒரு கண்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் சலேத்தின் முதுகுக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

உள்ளேயா, வெளியேயா? யாருக்குத் தெரியும்! சுண்ணாம்புத் தூள் பறந்ததாக ஒருத்தர் சொல்வார், பறக்கவில்லை என்று இன்னொருத்தர் மாதாமேல் சத்தியம் பண்ணுவார், மண் தரையென்றால் தடம் இருக்கும், புல் எதையும் காட்டிக்கொடுக்காது. கடைசியில் அந்தப் பாயிண்டை மறுநாள் காலை திரும்ப ஆடினார்கள், குட்டைக்காரி தோற்றாள், ஆனால் அதெல்லாம் பிறகு.

பந்து விழுந்த நிமிஷத்தில் கேலரியே எழுந்தது. நிச்சயதார்த்தக்காரர் குடையை விட்டுவிட்டு ஓடினார், பால் வைத்துவிட்டு வந்த அம்மா செருப்பில்லாமல் ஓடினாள், ஒவ்வொருத்தருக்கும் ஒன்று இருந்ததே, அத்தனை பேரும் அந்த ஒற்றையாள் போகும் இரும்பு கேட்டுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். முதலில் எழுந்தவள் சலேத்து, கேட்டைத் தாண்டியதில் நானூறாவது ஆளோ ஐந்நூறாவது ஆளோ. "எங்கக்கா, எங்கக்கா" என்று அவள் கத்தினாள், ஐந்து மணி நேரம் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் ஊரே ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்ததில் அது யார் காதிலும் விழவில்லை. வெளியே வந்து மேட்டில் ஓடினாள், நெஞ்சு அடைக்க அடைக்க ஓடினாள், மாதா கோயிலில் மத்தியானம் அடிக்காத மணியையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வார்டு வாசலில் நர்ஸ் ஜெபசீலி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சலேத்துக்கு ஓட்டம் நின்றுவிட்டது.

"கால் மணி நேரம் ஆச்சுங்கக்கா" என்றாள் ஜெபசீலி.

கட்டில் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தது. அந்த ஜன்னலிலிருந்து கோர்ட் தெரியாது, கிளப் கூரை மறைக்கும், கூரைக்கு மேலே வானம் மட்டும்தான் தெரியும்.

"பந்து நிக்குதுன்னு சொன்னதும் கட்டிலைத் திருப்பச் சொன்னாங்க. நாள் முழுக்க அதையேதான் பாத்துட்டு இருந்தாங்க. முப்பத்தொரு வருஷம் சத்தம்தான் கேட்டேன், இன்னைக்குத்தான் பந்தைப் பாக்கறேன்னாங்க. விழுந்ததும் வர்றேன்னு நீங்க சொல்லிவிட்டதைச் சொன்னேன். 'என் பேச்சைக் கேட்டு உக்காந்திருக்கா பாரு, பைத்தியக்காரி'ன்னாங்க. அப்புறம் திடீர்னு அது இறங்குச்சில்ல? இறங்கினதும், 'எந்திரிச்சிட்டா கழுதை, வந்துக்கிட்டிருக்கா'ன்னு சிரிச்சாங்க. தலையைச் சீவிவிடச் சொன்னாங்க. வாசலையே பாத்தாங்க. ரொம்ப நேரம் தாக்குப்பிடிச்சாங்கக்கா, ரொம்ப நேரம்."

சீவிய தலை அப்படியே படிந்திருந்தது. சலேத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மத்தியானக் கஞ்சி ஆடை கட்டி, தொடாமல் இருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வை ஒரே கசங்கல், அக்கா பார்த்தால் சும்மா விடமாட்டாள், சலேத்து அதை இரண்டு கையாலும் நீவி நீவி ஓரத்தைச் சேர்த்து மடித்தாள். வெள்ளைத் துணியோடு வந்த ஜெபசீலி, சலேத்து அக்காவின் காதுப்பக்கம் குனிந்து பேச ஆரம்பித்ததைப் பார்த்து, வாசலிலேயே அசையாமல் நின்றுகொண்டாள்.

"நாலாவது வரிசைக்கா. பலகைதான், ஆனா நல்லாத் தெரிஞ்சுது. தெய்வநாயகம் டீச்சர் பக்கத்துல. உன் கை பட்ட துணி தனியாத் தெரியும்னாங்க. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. நீ தச்ச கொக்கி அப்படியே நிக்குது, எவ்வளவு குனிஞ்சாலும் அவுறலை. நெட்டைக்கு முழங்கால்ல பச்சைக் கறை, பெரிய கறை. நான் பேசலை. இருமலை. வலையில விழுந்ததுக்குக் கை தட்டலை." ஒவ்வொரு கேமாக, எது முதலில் எது பின்னால் என்று விரல் விட்டு எண்ணி, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள், அஞ்சுக்கு நாலு வந்தது, நாற்பதுக்கு முப்பது வந்தது, பந்து ஏறியது, நின்றது, பனி வந்தது, போனது. அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். உள்ளே விழுந்தது என்று சொல்லிவிடலாம், குட்டைக்காரி ஜெயித்தாள் என்று சொல்லிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள், நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"விழுந்ததை நான் பாக்கலைக்கா" என்றாள் சலேத்து. "உன்னைப் பாக்க எந்திரிச்சிட்டேன்."